பழைய செருப்பு என்று எழுதிய பெட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. பெட்டி என்னிடம் இல்லை. கதை மட்டும்தான் மிச்சம்.

நான் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. முப்பத்தோரு வருடம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தேன். எழுதப் பழகியது அங்கேதான். 'பித்தளை வாஷர், அரை அங்குலம், இருநூறு.' இன்றைக்கும் என் வாக்கியம் அவ்வளவு நீளம்தான் வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கதை எழுதத் தொடங்கினேன். ஐந்தாறு பத்திரிகையில் வந்திருக்கிறது. என் கையெழுத்தைப் படிக்க எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் பொறுமை இல்லை. அதனால் என் மனைவிதான் நகல் எடுத்து அனுப்புகிறாள். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டாள். நான் தகவலில் தப்பு செய்திருந்தால் மட்டும் அந்த இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதி, பக்கத்தில் ந.எ. என்று போடுவாள். நகல் எடுத்தவர் என்று அர்த்தம். அதை அடித்துவிடச் சொல்லி நான் ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பேன். இந்த முறை பிடிக்கப்போவதில்லை. அவள் என்ன எழுதினாலும் அப்படியே இருக்கட்டும்.

(ஐந்தாறு இல்லை. நான்கு. ந.எ.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[வாழ்க்கை என்பது ஒரு பயணம். அந்தப் பயணத்தில்]

அதற்கு மேல் ஓடவில்லை. இப்படி எழுதுகிற ஆளை நானே வீட்டுக்குள் விட மாட்டேன்.

இரண்டாவது:

[நாற்பத்து மூன்று பெட்டிகளுக்குள் ஒரு குடும்பத்தை அடைக்க முடியுமா என்று அவர்]

முடியும். அடைத்தாயிற்று. இது ஒரு கேள்வியா?

மூன்றாவது:

[நான் என் மனைவியிடம் ஒரு விஷயத்தை]

இங்கே பேனா நின்றுவிட்டது. 'நான்' என்று எழுதினால் என் கை உடனே சாக்குச் சொல்லக் கிளம்பிவிடுகிறது. ஆகவே 'அவர்' என்று எழுதப்போகிறேன். ஸ்டோர்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவி தையலம்மா. வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். ஸ்டோர்காரர் நான்தான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் தெரியட்டும். 'அவர்' என்று எழுதினால் அந்த ஆள்மேல் எனக்கு இரக்கம் குறைகிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

3

ஸ்டோர்காரரும் தையலம்மாவும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருபத்தாறு வருடம் இருந்தார்கள். மகள் இருந்த ஊர் நாட்டின் மறுகோடியில், காரில் மூன்று நாள் தூரம். அங்கே வந்துவிடுங்கள் என்று அவள் நான்கு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தையலம்மா அசையவில்லை. கடைசியில் மகள் ஒரு காரியம் செய்தாள். எலும்பு மருத்துவமனை இருக்கும் தெருவில் தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்து, அதில் முன்னறையைக் காலி செய்து, வெட்டுகிற மேசையும் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். தையலம்மா படத்தை ஒரு வாரம் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. கடையில் வாங்கும் துணி யாருக்கெல்லாம் உடம்பில் உட்காராதோ அவர்களுக்குத் தைப்பதுதான் தையலம்மாவின் வேலை. ஒரு தோள் இறங்கியவர், முதுகு வளைந்தவர், ஒரு கை குட்டையானவர், மார்பில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர். அப்படி ஒவ்வொருவருக்கும் பிரவுன் பேப்பரில் அளவு வெட்டி வைத்திருந்தாள். தையல்காரர்கள் அதைப் பேப்பர் கட்டிங் என்பார்கள். முந்நூற்றுக்கு மேல் இருக்கும். புதிதாக ஒருவர் வந்தால், அவர் உடம்புக்கு நெருங்கிய கட்டிங் ஒன்றை எடுத்து, அங்கே கொஞ்சம் விட்டு, இங்கே கொஞ்சம் பிடித்து, இரண்டே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவாள். அது இல்லாவிட்டால் ஆளை ஐந்து முறை வரவழைத்து நிற்கவைக்க வேண்டும். நிற்கவே கஷ்டப்படுகிறவர்கள் அவர்கள்.

அந்தக் கட்டிங்குகளை அவளே பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஸ்டோர்காரரிடம் கொடுத்தாள்.

"எது உடைஞ்சாலும் உடையட்டுங்க. இது மட்டும் பத்திரமா வந்து சேரணும்."

அதற்குப் பிறகுதான் ஸ்டோர்காரரின் மூளை வேலை செய்தது. சாமான் ஏற்றும் கம்பெனியின் மேஸ்திரி முதல் நாள் வந்தபோது, "பெட்டி மேல உள்ள என்ன இருக்குன்னு பெருசா எழுதிடுங்க பெரியவரே, இறக்கறப்ப சுலபமா இருக்கும்" என்று சொல்லியிருந்தான்.

"யாருக்குச் சுலபம்?"

"நமக்குத்தான்."

"நமக்குன்னா எனக்கா, உனக்கா?"

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவனைப் பார்த்தால் ஸ்டோர்காரருக்கு உடனே சந்தேகம் வரும். பதில் சொல்கிறவனைப் பார்த்தாலும் வரும். அன்றைக்கே ஒரு தடித்த மார்க்கர் பேனா வாங்கிவந்தார். எவர்சில்வர் தட்டுகள் வைத்த பெட்டியில் 'பழைய பேப்பர்' என்று எழுதினார். மிக்ஸி வைத்த பெட்டியில் 'தலையணை உறை'. மகளின் கல்லூரிப் பட்டமும் வெள்ளிக் குத்துவிளக்கும் இருந்த பெட்டியில் 'குளியலறை மக்'. திருடுகிறவன் ஏமாறட்டும். உண்மையான விவரத்தை ஒரு சின்ன நோட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தையலம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால், மேஸ்திரியை வைத்துக்கொண்டே கூடத்திலிருந்து, "என்னங்க, குளியலறை மக்குன்னு போட்டீங்களே, அதுலதானே வெள்ளி விளக்கு இருக்கு?" என்று கேட்டாலும் கேட்பாள்.

(கேட்டிருக்க மாட்டேன். ந.எ.)

பேப்பர் கட்டிங் பெட்டிக்கு என்ன எழுதுவது என்று மட்டும் ஒரு முழுப் பகல் யோசித்தார். வீட்டிலேயே முக்கியமான பொருள் அது. ஆகவே உலகத்திலேயே எவனும் தொடாத பெயர் அதற்கு வேண்டும். சாயங்காலம், தையலம்மா தைத்து முடித்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்த நேரத்தில், பெட்டியை டேப் போட்டு ஒட்டி, மேலே எழுதினார்: 'பழைய செருப்பு'.

எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். நல்ல வேலை என்று நினைத்தார்.

4

கிளம்புகிற அன்று காலையில் ஸ்டோர்காரர் வாசலில் நின்று பெட்டிகளை எண்ணினார். நாற்பத்து மூன்று. எண்ணிக்கை சரி. லாரியின் பின்கதவுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

(இங்கே ஒரு விஷயம் நீங்கள் கேட்க வேண்டும். ஒரு பெட்டி குறைந்திருந்தால் ஸ்டோர்காரனுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் அவர் எண்ணத் தொடங்குவதற்கு முன்னாலேயே, கடைசியாகக் கழுவிய பாத்திரங்களைத் தையலம்மா ஒரு புதுப் பெட்டியில் போட்டு ஒட்டியிருந்தாள். ஒன்று போனது, ஒன்று வந்தது. முப்பத்தோரு வருடம் எண்ணிக்கையை மட்டும் நம்பினவர். எதையாவது ஒன்றை நம்பினால் அதுவே காலை வாரும். இது என் கருத்து, ஸ்டோர்காரரின் கருத்து இல்லை. அவருக்கு அப்போது எதுவும் தெரியாது.)

லாரி முன்னால் போனது. ஸ்டோர்காரரின் பழைய கார் பின்னால் போனது. லாரி அறுபதில் போனால் இவரும் அறுபது. லாரி நின்றால் இவரும் நின்றார். மூன்று நாளும் அதன் பின்கதவைப் பார்த்துக்கொண்டே போவது என்பது அவருடைய திட்டம். தையலம்மா வெளியே எதையாவது காட்டினால், "நீ பாரு, எனக்கு வேலை இருக்கு" என்றார்.

முதல் நாள் மதியம் ஒரு பெட்ரோல் பங்கில் லாரி ஓட்டுநர் இறங்கி நேராகக் காருக்கு வந்தான்.

"சார், உங்க வண்டி என் கண்ணாடியிலேயே ஒட்டிக்கிட்டு வருது. நான் தூங்கறேனான்னு பார்க்கறீங்களா, திருடறேனான்னு பார்க்கறீங்களா?"

"ரெண்டும்தான்."

தையலம்மா பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க தம்பி. கல்யாணமான புதுசுல என்னையும் அப்படித்தான் பார்த்தாரு."

"இப்ப?"

"இப்பக் கொஞ்சம் கண்ணு மங்கிடுச்சு."

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே போனான். ஸ்டோர்காரர் சிரிக்கவில்லை. சிரிக்கிறவனை

[சிரிக்கிறவனை நம்பக்கூடாது என்று அவர் எங்கேயோ]

இதை விட்டுவிடுகிறேன். எல்லா இடத்திலும் சந்தேகப்படுகிற ஆளாகவே காட்டினால் அவரைக் கோமாளி என்று நினைத்துவிடுவீர்கள். அவர் கோமாளி இல்லை. தன் பெண்டாட்டி கொடுத்த ஒரே ஒரு பொருளைக் காப்பாற்ற மூன்று நாளும் லாரிக்குப் பின்னாலேயே போகக் கிளம்பியவர்.

இரண்டாம் நாள் பதினொரு மணி இருக்கும். சாலையோரத்தில் ஒரு டீக்கடை. ஓட்டுநர் வண்டிக்கடியில் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தையலம்மா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"நல்லவேளை, அந்தச் செருப்புப் பெட்டியை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டேன்."

"எந்தச் செருப்புப் பெட்டி?"

"பழைய செருப்புன்னு நீங்கதானே கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருந்தீங்க? பாவம், அவரு வார் அறுந்த செருப்புக்குக் கம்பி கட்டிப் போட்டுட்டு நடக்கறாரு. வேணுங்கறதை எடுத்துக்கங்க, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடுங்கன்னு கொடுத்தேன். பழைய செருப்பை மூணு நாள் லாரியில ஏத்திட்டுப் போற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க."

ஸ்டோர்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லது பண்ணினே" என்றார்.

5

இந்த இடத்தில் எனக்கு ஸ்டோர்காரர்மேல் சந்தேகம் வருகிறது. நான் உண்டாக்கின ஆள், எனக்கே புரியவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். 'ஐயோ, அதுல உன் கட்டிங் இருந்துச்சு' என்று ஒரே வரி. இரண்டு பேரும் கத்தியிருப்பார்கள். முடிந்திருக்கும். ஏன் 'நல்லது பண்ணினே' என்றார்?

நான்கைந்து காரணம் எழுதிப் பார்த்தேன். அவள் மனம் நோகக் கூடாது என்று. பிறகு சொல்லலாம் என்று. நடுவழியில் வேண்டாம் என்று. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உண்மை இதுதான்: அவர் பயந்தார். சொன்னால் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். எங்கிட்டகூட ஏன் சொல்லலை? திருடனுக்காக எழுதிய பொய், வீட்டுக்காரியிடம் போய் வேலை செய்திருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளை அவர் மேஸ்திரியோடு சேர்த்து வைத்திருக்கிறார் என்று ஆகும். ஆகும் என்ன, ஆனது.

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் பின்னால் போய் வாட்ச்மேனுக்குப் போன் போட்டார்.

"சார், நீங்களா? நானே பேசணும்னு இருந்தேன். என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"பெட்டி இருக்கா?"

"பெட்டி இருக்கு. செருப்பு எங்க சார்? பிரிச்சா பூரா காகிதம். ஒண்ணை எடுத்து உதறறேன், காகிதம். இன்னொண்ணை எடுத்து உதறறேன், அதுவும் காகிதம். அடி வரைக்கும் கை விட்டுத் துழாவறேன். எங்க வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிக்கறா. கொடுக்க மனசில்லேன்னா கொடுக்காம இருக்கலாமே சார். கிண்டல் எதுக்கு?"

"அந்தக் காகிதம் எங்கய்யா?"

"இன்னிக்குக் காலையில குப்பை வண்டி வந்துச்சு. போட்டுட்டேன்."

"வண்டி எங்க போகும்?"

"எங்க போகும்? எரிக்கற இடத்துக்குப் போகும்." வாட்ச்மேன் குரலைத் தணித்துக்கொண்டு, "பெட்டி நல்ல பெட்டி சார். எடுத்து வெச்சிருக்கேன். வேணுமா?" என்றான்.

ஸ்டோர்காரர் திரும்பி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. தையலம்மா காருக்குப் பக்கத்தில் பதறிக்கொண்டு நின்றாள்.

"லாரி போயிடுச்சுங்க! சீக்கிரம் எடுங்க வண்டியை!"

"போகட்டும்."

"போகட்டுமா?"

"வழி தெரிஞ்சவன்தானே. போய்ச் சேருவான்."

தையலம்மா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. மீதி ஒன்றரை நாளும் அவர் வழியை வேடிக்கை பார்த்துக்கொண்டு, நாற்பதில் ஓட்டினார். என்ன பார்த்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

6

புது வீட்டில் முதல் பெட்டியை மகள் பிரித்தாள். மேலே 'பழைய பேப்பர்'. உள்ளே தட்டுகள்.

"அப்பா! என்னப்பா இது?"

அடுத்தது 'தலையணை உறை'. உள்ளே மிக்ஸி. மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அம்மா, உன் புருஷன் திருடனுக்குப் பரீட்சை வெச்சிருக்காரும்மா!" தையலம்மாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றதை ஸ்டோர்காரர் பார்த்தார். இல்லை, பார்த்ததாக இப்போது எழுதுகிறேன். அப்போது பார்த்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

"எதுல என்ன இருக்குன்னு ஒரு நோட்டு போட்டிருப்பீங்களே" என்றாள் தையலம்மா.

"தொலைஞ்சு போச்சு."

"நீங்க? தொலைச்சீங்க?"

"வயசாகுதுல்ல."

நோட்டு அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அன்று மாலை அதைக் கிழித்து மருத்துவமனை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டார்.

மீதிப் பெட்டிகளைத் தானே பிரித்துக்கொள்வதாகத் தையலம்மா மகளிடம் சொல்லிவிட்டாள். முழங்கால் வலி. அதனால் ஒரு நாளைக்கு இரண்டு பெட்டிதான். பிரிப்பாள், எடுத்து அடுக்குவாள், காலிப் பெட்டியை மடித்துச் சுவரோரம் சாய்ப்பாள்.

(எனக்கு முழங்கால் வலி கிடையாது. ந.எ.)

இருபத்தொரு பெட்டி மிச்சம் இருந்தபோது அந்தத் தெருப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்தார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவர். சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் பின்னால் நின்று சிரிக்கிறார்கள் என்று சொன்னார். தையலம்மா அவரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"பேங்க்ல வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு இதே வளைவுதான் டீச்சர். அவங்க கட்டிங் எங்கிட்ட இருக்கு. பெட்டியைப் பிரிச்சதும் சொல்றேன். வர்ற திங்களை விட்டு அதுக்கடுத்த திங்கட்கிழமை வாங்களேன்."

டீச்சர் போன பிறகு ஸ்டோர்காரர் பக்கம் திரும்பி, "எந்தப் பெட்டின்னு உங்களுக்குக் கொஞ்சமாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கறதுல ஏதோ ஒண்ணு."

பத்தொன்பது. பதினேழு. பதினொன்று. ஒவ்வொரு முறையும் கத்தி டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் ஸ்டோர்காரர் எழுந்து வெளியே போனார். அந்தத் தெருவில் மொத்தம் எத்தனை விளக்குக் கம்பம் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

7

முடிவு.

[முதல் முடிவு: வாட்ச்மேன் போன் செய்கிறான். குப்பை வண்டிக்காரன் காகிதத்தை எடுத்துவைத்திருக்கிறான். பார்சல்]

நடக்கவில்லை. நடக்காததை எழுதினால் டீச்சருக்குச் சட்டை வராது.

[இரண்டாவது முடிவு: கடைசிப் பெட்டியைப் பிரித்து, காணோம் என்று தெரிந்ததும் ஸ்டோர்காரர், "லாரிக்காரன் திருடிட்டான்" என்று]

இதை முழுசாக எழுதினேன். நன்றாகவே வந்தது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே போன இடத்தைக்கூட அதற்கு ஏற்றபடி மாற்றிவைத்தேன். நம்பும்படி இருந்தது. அதனால்தான் கிழித்தேன். அந்த ஓட்டுநர் நாற்பத்து மூன்று பெட்டியையும் கீறல் இல்லாமல் இறக்கிவிட்டு, "எண்ணிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனவன்.

[மூன்றாவது முடிவு: தையலம்மாவே கண்டுபிடிக்கிறாள். மன்னிக்கிறாள்.]

மன்னிப்பதை எல்லாம் நான் எழுத முடியாது. அது என்னுடைய சரக்கு இல்லை. வேறொருவர் சரக்கை எடுத்துச் செலவு எழுதுகிறவன் ஸ்டோர் பார்க்கத் தகுதியில்லாதவன்.

இன்று சனிக்கிழமை. இன்னும் ஒரே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் போர்வைகள் இருக்கின்றன. எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் அவள் அதைப் பிரிப்பாள்.

இனிமேல் 'அவர்' வேண்டாம். என் வாயால் சொல்ல மூன்று வாரமாக முடியவில்லை. எழுதினால் நகல் எடுக்க அவளிடம்தானே போகும் என்பதால் எழுதினேன். நீங்கள் நீங்கள் என்று இதுவரை உங்களிடம் பேசினதெல்லாம் உங்களுக்குப் பின்னால் நின்ற ஒருத்தியிடம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தாள்களை இப்போது வெட்டுகிற மேசையில் வைத்துவிட்டு நான் வெளியே போகிறேன். கடைசித் தாளில் அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். முடிவை அவள் எழுதட்டும். எழுதாமல் தாள்களைக் கிழித்துப் போட்டாலும் சரி. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவள் கிழிக்கவில்லை என்று ஆகிறது. அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

(அரைப் பக்கம் காலியாக இருக்கிறது. நான் நகல் எடுக்கிறவள். இல்லாததை எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். தட்டுகளைப் பார்த்த அன்றைக்கே செருப்புப் பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவராகச் சொல்ல இருபது நாள் கொடுத்தேன். கட்டிங் இருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னதும் அதற்காகத்தான். ஒரு கதையே எழுதியிருக்கிறார், வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை டீச்சரிடம் கட்டிங் இல்லை, புதிதாகத்தான் எடுக்க வேண்டும், நான்கைந்து முறை வரவேண்டியிருக்கும் என்று சொன்னேன். சரி என்றார். முதுகை மட்டும் அளக்க முக்கால் மணி நேரம் ஆனது. டீச்சர் போன பிறகு வரைய உட்கார்ந்தேன். புதுத் தாள் சுருண்டுகொண்டே இருந்தது. மறுமுனையை அமுக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. இவர் வந்து பிடித்துக்கொண்டார். நான் வரைந்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. நான் இன்னும் இவரோடு பேசவில்லை. இதை முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ந.எ.)